எக்ஸ்பிரஸ்கார்டு ஸ்லாட்டில் எதைப் போடலாம், எதற்குக் காசு செலவழிக்க வேண்டாம்

செகண்ட் ஹேண்டில் லெனோவோவின் திங்க்பேட் லேப்டாப் வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் முதல் சில கேள்விகளில் இதுவும் ஒன்று: பக்கவாட்டில் நீளமாக ஒரு வாய் இருக்கிறதே, உள்ளே ஒரு பிளாஸ்டிக் அட்டை வேறு செருகியிருக்கிறதே, அது எதற்கு? எக்ஸ்200, எக்ஸ்220, எக்ஸ்230, டி420, டி430 என்று ஆபீஸ் லீஸ் முடிந்து சந்தைக்கு வந்த மாடல்களில் அந்த வாய் உண்டு. அதுதான் எக்ஸ்பிரஸ்கார்டு ஸ்லாட். பலரும் அந்த பிளாஸ்டிக் அட்டையை வெளியே எடுத்துக்கூடப் பார்ப்பதில்லை. எனக்கு அந்த ஸ்லாட் ரொம்பப் பிடிக்கும். இன்றைக்கு விற்கிற பெரும்பாலான மெல்லிய லேப்டாப்களில் ரேமைக்கூட மாற்ற முடியாது, இதிலோ திருப்புளியைக் கையில் எடுக்காமலே புதிய வேலை ஒன்றைச் செய்ய வைக்கலாம். ஆனால் சந்தையில் இதற்காகக் கிடைக்கிற கார்டுகளில் பாதிக்கு மேல் வாங்கவே தேவையில்லாதவை, அதனால்தான் இதைக் கொஞ்சம் விவரமாக எழுதுகிறேன்.

முதலில் அந்த ஸ்லாட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் எதை வாங்குவது என்ற முடிவு அதில்தான் இருக்கிறது. எக்ஸ்பிரஸ்கார்டு 2003-இல் வந்த தரம். அதற்கு முன் லேப்டாப்களில் செருகப்பட்ட பிசி கார்டு என்ற தரத்தை உருவாக்கிய பிசிஎம்சிஐஏ அமைப்புதான் இதையும் கொண்டுவந்தது. மொத்தம் 26 தொடுபுள்ளிகள். அந்த 26-க்குள் இரண்டு தனித்தனிப் பாதைகள் ஓடுகின்றன: ஒன்று பிசிஐ எக்ஸ்பிரஸ், அதாவது மதர்போர்டோடு கார்டுகளை நேராக இணைக்கும் பாதை, அதில் ஒற்றை லேன் (தரவு போகும் ஒரு தடம்), மற்றது சாதாரண யுஎஸ்பி 2.0. கார்டு தயாரிப்பவர் இரண்டில் எதை வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள்ளலாம், வெளியே பெட்டியில் அதைச் சொல்லவேண்டும் என்ற கட்டாயமெல்லாம் இல்லை. யுஎஸ்பி பாதையைப் பயன்படுத்தினால் சிப் மலிவாக முடிந்துவிடும், அதனால் நிறையப் பேர் அதையே செய்தார்கள். அப்படிச் செய்த கார்டை வாங்கினால், பக்கத்தில் இருக்கிற யுஎஸ்பி போர்ட்டில் ஒரு டாங்கிளைச் செருகியதற்கு மேல் உங்களுக்கு எதுவும் கிடைக்கப்போவதில்லை. பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதையைப் பயன்படுத்தும் கார்டு அப்படியில்லை. மதர்போர்டில் நேராகப் பொருத்திய கார்டு மாதிரி அது சிஸ்டத்துக்குத் தெரியும், அதே மாதிரி வேலையும் செய்யும்.

ஆக, என் கணக்கு ரொம்பச் சின்னது: யுஎஸ்பி போர்ட் வழியாகச் செய்ய முடியாத, அல்லது ஒழுங்காகச் செய்ய முடியாத வேலைக்கு மட்டும் இந்த ஸ்லாட்டுக்குப் பணம் செலவழியுங்கள்.

எந்தப் பாதை என்று கண்டுபிடிப்பதும் சுலபம்தான். லினக்ஸ் போட்டிருந்தால் கார்டைச் செருகிவிட்டு டெர்மினலில் எல்எஸ்பிசிஐ (lspci) கட்டளையைக் கொடுங்கள். பட்டியலில் புதிதாக ஒரு வரி வந்தால் பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு. அங்கே ஒன்றும் மாறாமல் எல்எஸ்யுஎஸ்பி (lsusb) பட்டியலில் மட்டும் ஒன்று கூடியிருந்தால் அது யுஎஸ்பி கார்டு. விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, வியூ மெனுவில் இணைப்பு வாரியாகக் காட்டச் சொன்னால் எதன் கீழ் தொங்குகிறது என்று தெரிந்துவிடும்.

அளவு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 34 மில்லிமீட்டர் அகலம், 54 மில்லிமீட்டர் அகலம் என்று இரண்டு வகை. எக்ஸ்220, எக்ஸ்230 இரண்டிலும் 54, டி420, டி430-இல் 34. 54 ஸ்லாட்டில் 34 கார்டு போகும், 34 ஸ்லாட்டில் 54 கார்டு போகவே போகாது, ஆகவே சந்தேகம் இருந்தால் 34-ஐயே வாங்குங்கள். அகலமான ஸ்லாட்டில் ஒல்லியான கார்டைப் போட்டால் ஒரு பக்கம் காலியாக இருப்பதால் கொஞ்சம் ஆடும், அந்த இடத்தை அடைக்க ஒரு பிளாஸ்டிக் துண்டு தனியாகவே கிடைக்கிறது. அதைவிடப் பெரிய குழப்பம் பழைய பிசி கார்டு ஸ்லாட்டோடு வருவது. அதன் வாயும் 54 மில்லிமீட்டர்தான், வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது. டார்ச் அடித்து உள்ளே பாருங்கள்: அகலம் முழுக்க இரண்டு வரிசையாக ஊசிகள், மொத்தம் 68, நீட்டிக்கொண்டிருந்தால் பிசி கார்டு. ஒரு ஓரத்தில் மட்டும் சின்னதாக இணைப்பான் இருந்து, மறுபக்கம் கார்டை அதை நோக்கித் தள்ளிவிடுகிற மாதிரி சாய்வாக ஒரு தடுப்பு இருந்தால் எக்ஸ்பிரஸ்கார்டு. ஒன்றின் கார்டு மற்றதில் வேலை செய்யாது.

சரி, வாங்க வேண்டியவை.

எக்ஸ்220-இன் ஐ5 மாடல், அதற்கும் முந்தைய எக்ஸ்200, எக்ஸ்201, டி400 இவற்றையெல்லாம் வைத்திருப்பவர்களுக்கு யுஎஸ்பி 3.0 கார்டுதான் முதல் தேவை. இந்த மெஷின்களில் இருப்பது யுஎஸ்பி 2.0 மட்டும், நடைமுறையில் நொடிக்கு 30 முதல் 40 மெகாபைட் வரைதான் போகும். ஒரு 500 ஜிபி பேக்கப் எடுக்க வேண்டும் என்றால் கிட்டத்தட்ட 4 மணி நேரம். அதே எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கை இந்தக் கார்டில் போட்டால் டிஸ்க்கின் சொந்த வேகத்துக்கு, அதாவது நொடிக்கு 100 மெகாபைட் அளவுக்குப் போகும், ஒன்றரை மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும். எக்ஸ்220-இல் இந்த ஸ்லாட் நொடிக்கு 500 மெகாபைட் வரை தாங்கும், எக்ஸ்200-இல் அதில் பாதி, 250. இதெல்லாம் ஏட்டளவு, நடைமுறையில் இன்னும் குறையும். அப்படியும் சுழலும் ஹார்டு டிஸ்க்குக்கு அந்தப் பாதியே தாராளம், எஸ்எஸ்டி வைத்துக் காப்பி செய்தால்தான் வித்தியாசம் தெரியும். எக்ஸ்230 வைத்திருப்பவர்களுக்கு இது தேவையில்லை, அதில் ஏற்கெனவே இரண்டு யுஎஸ்பி 3.0 போர்ட் இருக்கிறது.

இந்தக் கார்டில் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் மின்சாரம். எக்ஸ்பிரஸ்கார்டு ஸ்லாட்டில் 5 வோல்ட்டே கிடையாது. 3.3 வோல்ட், 1.5 வோல்ட் இரண்டு மட்டும்தான். கார்டு அந்த 3.3-ஐத்தான் 5 ஆக ஏற்றிக் கொடுக்க வேண்டும், 3.3 வோல்ட்டில் ஸ்லாட் கொடுப்பது சுமார் 1 ஆம்பியர், அதாவது 3.3 வாட் சொச்சம். ஒரு யுஎஸ்பி 3.0 போர்ட் கொடுக்க வேண்டியதோ 4.5 வாட், அதிலும் கார்டில் இரண்டு போர்ட் இருக்கும். கணக்கு எங்கே உதைக்கிறது என்று தெரிகிறது இல்லையா. பென் டிரைவ் போட்டால் ஒன்றும் ஆகாது. கையடக்க ஹார்டு டிஸ்க்கைப் போட்டால் சுழல ஆரம்பிக்கும், டிக் என்று ஒரு சத்தம், நின்றுவிடும், மறுபடி சுழலும், மறுபடி டிக். டிஸ்க் போய்விட்டது என்று பயந்து, அதை டேட்டா ரெகவரி கடை வரை தூக்கிக்கொண்டு போனவர்களைப் பார்த்திருக்கிறேன். டிஸ்க்குக்கு ஒன்றும் இல்லை, கரண்ட் பற்றவில்லை, அவ்வளவுதான். இதற்காகவே நல்ல கார்டுகளின் ஓரத்தில் வட்டமாக ஒரு சின்ன பவர் துளை வைத்திருப்பார்கள், லேப்டாப்பின் வேறொரு யுஎஸ்பி போர்ட்டிலிருந்து அதற்கு மின்சாரம் இழுக்க ஒரு ஒயரும் தருவார்கள். அந்தத் துளை இருக்கிறதா, ஒயரும் கூடவே வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள். தனி அடாப்டர் உள்ள பெரிய டிஸ்க் என்றால் இந்தப் பிரச்சினையே வராது.

சிப்பைப் பொறுத்தவரை ரெனெசாஸ் அல்லது அதன் பழைய பெயரான என்இசி என்று போட்டிருந்தால் நிம்மதி. லினக்ஸில் தனியாக எதுவும் போட வேண்டாம், விண்டோஸ் 8-இலிருந்து யுஎஸ்பி 3.0 டிரைவர் உள்ளேயே வந்துவிடுகிறது, விண்டோஸ் 7 என்றால்தான் டிரைவர் தேட வேண்டும். அப்புறம் ஒரு சின்ன விஷயம், ஆனால் முக்கியம்: யுஎஸ்பி 3.0 பிளக் கார்டைப் பிடித்திருக்கும் பிடி, ஸ்லாட் கார்டைப் பிடித்திருக்கும் பிடியைவிடக் கெட்டி. பிளக்கை உருவினால் கார்டும் சேர்ந்து வெளியே வந்துவிடும். இரண்டு போர்ட்டிலும் டிஸ்க் இருந்து, ஒன்றில் காப்பி ஓடிக்கொண்டிருக்கும்போது மற்றதை உருவினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கட்டை விரலால் கார்டின் விளிம்பை அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் பிளக்கை எடுக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், இந்த ஸ்லாட் இன்றைக்கும் உயிரோடு இருக்க வேண்டியதற்கான உண்மையான காரணம் ஃபயர்வயர் கார்டுதான். அந்தக் கால வீடியோ கேமராவைக் கணினியோடு இணைத்த போர்ட்தான் ஃபயர்வயர். 2000-களில் நம் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு எல்லாம் மினிடிவி (MiniDV) என்ற சின்ன வீடியோ டேப்பில்தான் நிறையப் பதிவாயின. வெளிநாட்டிலிருந்து வந்த மாமா ஒரு ஹேண்டிகேம் கொண்டுவந்திருப்பார், அந்த டேப்புகள் இன்னும் பீரோவில் ஏதோ ஒரு டப்பாவில் கிடக்கும். பலரும் அதைக் கணினிக்கு மாற்ற யுஎஸ்பி கேப்சர் குச்சி வாங்கி, மஞ்சள்-சிவப்பு-வெள்ளை ஒயரில் எடுக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மினிடிவி டேப்பில் இருப்பது ஏற்கெனவே டிஜிட்டல். அதை அனலாகாக மாற்றி, அந்த அனலாகை மலிவான ஒரு சிப் மறுபடி டிஜிட்டலாக மாற்றினால், வழியில் முகங்கள் மங்கிப் பட்டுப்புடவையின் நிறமும் வழிந்துவிடும். ஃபயர்வயர் வழியாக எடுத்தால் டேப்பில் எழுதியிருக்கிற தரவு அப்படியே, மாற்றம் எதுவும் இல்லாமல், ஃபைலாக இறங்குகிறது. ஹேண்டிகேமில் யுஎஸ்பி துளையும் இருக்கிறதே என்று கேட்கலாம். பல மாடல்களில் அது போட்டோ எடுக்கவும், தரம் குறைந்த வீடியோ அனுப்பவும் மட்டும்தான். ஃபயர்வயரை யுஎஸ்பியாக மாற்றும் ஒயர் என்று விற்கிறார்களே, அதை வாங்கவே வாங்காதீர்கள். இரண்டும் பேசும் மொழியே வேறு, நடுவில் வெறும் ஒயர் இருந்தால் எதுவும் நடக்காது.

எக்ஸ்220-இல் ஃபயர்வயர் கிடையாது, யுஎஸ்பி வழியாக அதைச் சேர்க்கவும் முடியாது, இந்த ஸ்லாட்தான் வழி. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப் உள்ள கார்டாகப் பாருங்கள், அந்தக் காலத்தில் ஆடியோ இண்டர்ஃபேஸ் தயாரித்தவர்கள் பலரும் அதைத்தான் பரிந்துரைத்தார்கள். வியா சிப்பும் டேப் வேலைக்குப் போதும். கார்டில் 6 பின் துளை இருக்கும், ஹேண்டிகேமில் 4 பின் துளை இருக்கும், அதனால் 6-க்கு 4 ஒயர் வேண்டும். கார்டு மின்சாரம் தராதே என்று கவலைப்பட வேண்டாம், 4 பின் இணைப்பில் மின்சாரத்துக்கு ஒயரே கிடையாது, கேமரா தன் அடாப்டரில் ஓடிக்கொள்ளும்.

லினக்ஸில் டிவிகிராப் (dvgrab) என்று ஒரு கட்டளை இருக்கிறது, என் வேலை முழுக்க அதில்தான். கேமராவை பிளே மோடில் வைத்துக் கட்டளையைத் தட்டினால் கேமராவை அதுவே ஓட வைக்கும். அதில் ஆட்டோஸ்ப்ளிட், டைம்ஸ்டாம்ப் என்ற இரண்டு தேர்வுகளைச் சேர்த்துக் கொடுங்கள். டேப்பில் படத்தோடு சேர்ந்து அது எடுக்கப்பட்ட தேதியும் நேரமும் பதிவாகியிருக்கும், அதை வைத்து ரெக்கார்ட் பட்டனை அழுத்திய ஒவ்வொரு இடத்திலும் வெட்டி, அந்தத் தேதி நேரத்தையே ஃபைலின் பெயராக வைத்துவிடும். முகூர்த்தம் ஒரு ஃபைல், பந்தி ஒரு ஃபைல், பெண் அழைப்பு முதல் நாள் மாலைத் தேதியோடு தனி ஃபைல் என்று வரிசையாக வந்து நிற்கும். கேப்சர் குச்சியில் எடுத்தால் இந்தத் தேதி ஃபைலுக்கு வராமலே போய்விடும். விண்டோஸில் வின்டிவி (WinDV) என்ற சின்ன இலவச மென்பொருள் இதே வேலையைச் செய்யும். 1 மணி நேர டேப் இறங்க 1 மணி நேரம் ஆகும், வேகமாக எடுக்க வழி இல்லை. ஃபைல் அளவு சுமார் 13 ஜிபி, அதனால் டிஸ்க்கில் இடம் பார்த்துக்கொள்ளுங்கள். வருடக்கணக்கில் சும்மா கிடந்த டேப்பை நேராக பிளே செய்யாமல் கடைசி வரை ஃபார்வர்ட் செய்து திரும்ப ரீவைண்ட் செய்துவிட்டுத் தொடங்கினால் ஒட்டிக்கொண்ட சுற்றுகள் விடும். டேப்பின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் கேமராவுக்குள் போடவே வேண்டாம், ஹெட்டையும் கெடுத்துவிடும், அடுத்துப் போடுகிற நல்ல டேப்புக்கும் பரவும். டேப்பைவிட அதை ஓட்டும் கேமராதான் முதலில் சாகிறது, ரிப்பேர் செய்ய ஆளும் உதிரிப் பாகமும் குறைந்துகொண்டே வருகிறது. ஓடுகிற கேமரா கையில் இருக்கிறவர்கள் இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்தது சீரியல் போர்ட், அதாவது ஆர்எஸ்-232. வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது எதற்கு என்று தோன்றும். கோயம்புத்தூர் பக்கம் பழைய சிஎன்சி மெஷின் (கணினி ஓட்டும் கடைசல் மாதிரி மெஷின்), பிஎல்சி (மெஷினைக் கட்டுப்படுத்தும் பெட்டி) வைத்திருக்கிற பட்டறைகளில் கேட்டுப் பாருங்கள், லேப்டாப்பிலிருந்து மெஷினுக்கு புரோகிராம் இறக்க இன்றைக்கும் 9 பின் ஒயர்தான். யுஎஸ்பி-சீரியல் ஒயர்களில் போலிச் சிப் பிரச்சினை ஓயாமல் இருக்கிறது. 2014-இல் இந்த ஒயர்களுக்குச் சிப் தயாரிக்கும் எஃப்டிடிஐ நிறுவனம் வெளியிட்ட ஒரு விண்டோஸ் டிரைவர் போலிச் சிப்களைச் செயலிழக்கவே வைத்தது, வாங்கியவருக்கு அது போலி என்றே தெரிந்திருக்காது. பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாகப் போகும் சீரியல் கார்டு உண்மையான போர்ட்டாக நடந்துகொள்ளும், நேரக் கணக்கு பிசகாது. ஆனால் இங்கேதான் எந்தப் பாதை என்ற கேள்வி ரொம்ப முக்கியமாகிறது. சீரியல் எக்ஸ்பிரஸ்கார்டுகளில் சில, உள்ளே அதே யுஎஸ்பி-சீரியல் சிப்பை வைத்தே வருகின்றன. ஆக்ஸ்ஃபோர்டு செமிகண்டக்டர் சிப் என்று விவரத்தில் இருந்தால் பிசிஐ எக்ஸ்பிரஸ் வகையாக இருக்க வாய்ப்பு அதிகம், ஆனாலும் எல்எஸ்பிசிஐ பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். இன்னொன்று, விண்டோஸுக்கு முந்தைய டாஸில் ஓடுகிற ரொம்பப் பழைய மென்பொருள் சில, காம்1 (முதல் சீரியல் போர்ட்) என்றால் 3எஃப்8 என்ற முகவரியில்தான் தேடும். எக்ஸ்பிரஸ்கார்டு போர்ட்டுக்கு முகவரியைச் சிஸ்டம் தன் இஷ்டத்துக்கு ஒதுக்கும், அங்கே அது வேலைக்கு ஆகாது. அந்த மாதிரி மெஷின் வைத்திருப்பவர்கள் 16 பிட் பிசி கார்டு ஸ்லாட் உள்ள இன்னும் பழைய லேப்டாப்பையோ, போர்டிலேயே சீரியல் போர்ட் உள்ள ஒன்றையோ தேடுவதுதான் சரி.

இசாட்டா கார்டு, அதாவது ஹார்டு டிஸ்க்கை வெளியிலிருந்து நேராக இணைக்கும் போர்ட், பொதுவாக இப்போது தேவைப்படாது. பழுதான ஹார்டு டிஸ்க்கிலிருந்து டேட்டா மீட்கிற வேலை செய்பவர்களுக்கு மட்டும் சொல்வேன்: யுஎஸ்பி பெட்டியில் நடுவில் ஒரு மாற்றுச் சிப் இருக்கிறது, டிஸ்க் திணறும்போது அதுவும் சேர்ந்து தொங்கிவிடும், இசாட்டாவில் டிஸ்க்கோடு நேரடியாகப் பேசலாம். அதேபோல பழைய லேப்டாப்பை ரூட்டராகவோ ஃபயர்வாலாகவோ மாற்ற நினைப்பவர்களுக்கு ஜிகாபிட் ஈத்தர்நெட் கார்டு நல்ல துணை, இரண்டாவது நெட்வொர்க் போர்ட் நிலையாக நிற்கும்.

இனி வேண்டாதவை. 3ஜி டேட்டா கார்டை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். ஜியோ தொடங்கியதிலிருந்தே 4ஜிதான், ஏர்டெல் 2020-இலேயே 3ஜியை நிறுத்திவிட்டது, கார்டும் உள்ளே யுஎஸ்பி பாதைதான். எஸ்எஸ்டி எக்ஸ்பிரஸ்கார்டு என்று பழைய சரக்கு வருகிறது, அதிலும் யுஎஸ்பி பாதை வகை நிறைய, அளவும் சின்னது. எக்ஸ்220-க்குள் எம்சாட்டா என்ற சின்ன வகை எஸ்எஸ்டி போட இடமே இருக்கிறது, பணத்தை அங்கே போடுங்கள். மெமரி கார்டு ரீடரும் அப்படித்தான், எஸ்டி ரீடர் பெரும்பாலும் லேப்டாப்பிலேயே இருக்கிறது. பழைய சோனி எக்ஸ்டிகேம் இஎக்ஸ் கேமரா வைத்திருக்கும் வீடியோகிராபர்களுக்கு மட்டும் ஒரு நல்ல சேதி, அதன் எஸ்எக்ஸ்எஸ் மெமரி கார்டு எக்ஸ்பிரஸ்கார்டு 34 வடிவத்தில்தான் இருக்கிறது, ரீடர் இல்லாமலே ஸ்லாட்டில் நேராகச் செருகலாம், டிரைவர் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வெளியே கிராபிக்ஸ் கார்டு மாட்டுவது பற்றிக் கேட்கும் தம்பிகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். முடியும், எக்ஸ்பிரஸ்கார்டிலிருந்து பிசிஐ எக்ஸ்பிரஸுக்கு மாற்றும் போர்டு கிடைக்கிறது, யூடியூபில் பார்க்கவும் அருமையாக இருக்கும். ஆனால் கிராபிக்ஸ் கார்டு 16 லேனுக்காகச் செய்தது, இங்கே கிடைப்பது ஒன்றே ஒன்று. போர்டு, டெஸ்க்டாப் பவர் சப்ளை, கிராபிக்ஸ் கார்டு, மானிட்டர் என்று கூட்டிப் பாருங்கள், கிட்டத்தட்ட ஒரு பழைய டெஸ்க்டாப்பே வாங்கிவிடலாம், அதில் அந்தக் கார்டு முழு வேகத்தில் ஓடும். கற்றுக்கொள்வதற்காகச் செய்கிறேன் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். கேம் விளையாட என்றால் வேண்டாம்.

வாங்கும் இடம்? சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட்தான், பழைய லேப்டாப் பாகம் விற்கும் மாடிக் கடைகளில் கேளுங்கள், கீழே கண்ணாடிக் கடைகளில் பெயரே தெரியாது. போகும்போது லேப்டாப்பையும், இன்ஸ்டால் செய்யாமலே ஓடும் லினக்ஸ் லைவ் போட்ட பென் டிரைவையும் எடுத்துக்கொண்டு போங்கள். "அண்ணே, ஒரு தடவை செருகிப் பாத்துட்டு வாங்கிக்கிறேன்" என்று கேட்டால் மறுப்பவர்கள் குறைவு. "பாருங்க தம்பி, டப்பா முழுக்க இருக்கு, எது ஓடுதோ எடுத்துக்கங்க" என்று ஒரு டப்பாவையே முன்னால் கவிழ்த்துவிட்ட கடைக்காரரும் உண்டு. ஒவ்வொன்றாகச் செருகி எல்எஸ்பிசிஐ பார்த்து எடுத்துக்கொள்ளலாம். தொடுபுள்ளிகளில் பச்சை படிந்திருந்தால் வைத்துவிடுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தலை முடிந்தவரை குட்டையாக இருக்கட்டும், பையில் போடும்போது முதலில் உடைவது அதுதான்.

கடைசியாக, பாதுகாப்பு. இந்த ஸ்லாட்டிலும் ஃபயர்வயரிலும் செருகும் கருவி லேப்டாப்பின் நினைவகத்தை நேரடியாகப் படிக்க முடியும், இது பல வருடங்களாகத் தெரிந்த ஓட்டை. ஸ்லாட்டைப் பயன்படுத்தாதவர்கள், குறிப்பாக டிஸ்க்கை என்கிரிப்ட் செய்து (பூட்டி) ஆபீஸ் விஷயங்களை வைத்திருப்பவர்கள், திங்க்பேட் பயாஸில் (லேப்டாப் தொடங்கும்போது வரும் அமைப்புத் திரை) செக்யூரிட்டி பகுதிக்குள் ஐஓ போர்ட் ஆக்சஸ் என்ற பக்கத்தைத் திறந்து எக்ஸ்பிரஸ்கார்டு ஸ்லாட்டை அணைத்து வையுங்கள், அப்படியே பயாஸுக்கு ஒரு பாஸ்வேர்டும் போட்டுவிடுங்கள். டேப் இறக்க வேண்டிய நாளில் திரும்ப இயக்கிக்கொள்ள ஒரு ரீபூட் போதும்.